கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்: சிகிச்சை முடிந்த பின் தொடர் பரிசோதனையால் என்ன பயன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர்கள் எண்டோமெட்ரியல் கேன்சர் என்று எழுதும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்குக் கருப்பையை எடுத்து, தேவைப்பட்டால் ரேடியேஷனும் கீமோவும் முடித்த பெண்களுக்காகவும், அவர்களை ரிவ்யூவுக்கு அழைத்துப் போகிறவர்களுக்காகவும் எழுதிய பக்கம் இது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வேறு நோய். அதற்கான தொடர் பரிசோதனையும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நன்றாகத்தான் இருக்கிறேன். பிறகும் ஏன் ரிவ்யூவுக்கு வரச் சொல்கிறார்கள்?

நோய் திரும்பி வந்தால் சீக்கிரம் பிடிக்கத்தான் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. வழக்கமான ரிவ்யூவில் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு தெளிவாக இருப்பது ஒரே ஓர் இடத்தில்: கருப்பையை எடுத்தபின் தையல் போட்ட யோனியின் மேல்முனையிலும் யோனிச் சுவரிலும் நோய் திரும்பினால் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், குணப்படுத்தவும் பெரும்பாலும் முடியும். நுரையீரல், கல்லீரல் போன்ற தூர இடங்களில் வருவதை அறிகுறி தெரிவதற்கு முன்பே ஸ்கேனில் பிடிப்பதால் ஆயுள் கூடுகிறது என்று இதுவரை எந்த ஆய்வும் காட்டவில்லை.

மீதிப் பாதிப் பயன் வேறு வகை. சிகிச்சை விட்டுப்போன தொல்லைகளைக் கவனிப்பது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கைமீறாமல் பார்ப்பது, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. இந்தக் கடைசி வேலைதான் மிக முக்கியம் என்பது எங்கள் கருத்து.

எத்தனை பேருக்கு நோய் திரும்புகிறது? எப்போது?

கனடாவில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, எல்லா நிலைகளையும் சேர்த்தால் 100 பேரில் சுமார் 13 பேருக்கு. குறைந்த ரிஸ்க் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 100-க்கு 3 அல்லது அதற்கும் கீழே. திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் 3 ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. அதனால்தான் முதலில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும் கூப்பிடுகிறார்கள்.

அதே தொகுப்பில் இன்னொன்றும் தெரிந்தது. நோய் திரும்பியவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ஏதோ ஓர் அறிகுறி இருந்தது: உதிரப்போக்கு, வலி, இருமல், எடைக் குறைவு. குறித்த தேதி வரட்டும் என்று அறிகுறியோடு காத்திருப்பதில் எவ்வளவு நாள் வீணாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ரிஸ்க் அதிகமா, குறைவா? எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

ஆபரேஷனில் எடுத்த கருப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்து. அதில் புற்றுநோயின் வகை, கிரேடு 1, 2 அல்லது 3 (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு), கருப்பைத் தசையில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா, நிணநீர் மற்றும் ரத்தக் குழாய்களுக்குள் செல்கள் நுழைந்திருக்கின்றனவா, கருப்பை வாயைத் தொட்டிருக்கிறதா, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா ஆகிய விவரங்கள் இருக்கும். எண்டோமெட்ரியாய்டு வகை, கிரேடு 1 அல்லது 2, தசையில் பாதிக்குள், குழாய்களில் நுழைவு இல்லை என்றால் குறைந்த ரிஸ்க். சீரஸ் வகை, கிளியர் செல் வகை, கார்சினோசார்கோமா, கணுக்களில் பரவல் என்றால் அதிக ரிஸ்க் பக்கம் போகும்.

இப்போது இதோடு மரபணு வகையும் சேர்ந்துவிட்டது. சர்வதேச மகளிர் நோய் மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2023-இல் வெளியிட்ட நிலைப் பகுப்பிலும் அதற்கு இடம் உண்டு. வகைகள் நான்கு: போல் மரபணு மாற்றம், எம்.எம்.ஆர். (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள்) குறைபாடு, பி53 (கட்டி வளராமல் தடுக்கும் புரதம்) கோளாறு, இவை எதிலும் சேராத வகை. நெதர்லாந்து தலைமையில் நடந்த போர்டெக்-3 ஆய்வில் அதிக ரிஸ்க் என்று சேர்க்கப்பட்ட பெண்களின் திசுவை இப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். 5 ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் போல் வகையில் 98 சதவீதம், பி53 கோளாறில் 48 சதவீதம். மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரிந்த கட்டிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம். ஆகவே ரிவ்யூ எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்கும் முன், உங்கள் ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர்., பி53 பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த இரண்டையும் சாதாரண பயாப்ஸி திசுவிலேயே நிறமேற்றிப் பார்க்கலாம். போல் பரிசோதனைக்கு மட்டும் மரபணு வரிசை பார்க்க வேண்டும்.

சரி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும்?

ஆபரேஷன் முடிந்து 4 முதல் 6 வாரத்தில் வரும் முதல் விசிட் இதில் சேராது. அது புண் ஆறியதைப் பார்த்து, பயாப்ஸி முடிவைச் சொல்ல. அதன்பின் ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டியில் இருப்பது இது:

குறைந்த ரிஸ்க்: முதல் 2 ஆண்டு 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5 ஆண்டு முடியும்வரை ஆண்டுக்கு ஒருமுறை.

அதிக ரிஸ்க்: முதல் 3 ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5 ஆண்டு முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை.

நடுவில் இருப்பவர்களுக்கு டாக்டர் இவ்விரண்டுக்கும் இடையில் ஒன்றைச் சொல்வார். அமெரிக்க மகளிர் புற்றுநோய் மருத்துவர் சங்கமோ குறைந்த ரிஸ்க் பெண்களுக்கு முதல் ஆண்டு மட்டும் 6 மாதம், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது. இந்த இடைவெளிகள் பெரும்பாலும் அனுபவத்தில் வகுக்கப்பட்டவை. 3 மாதத்துக்குப் பதில் 4 மாதத்தில் போனால் ஆபத்து என்று சொல்ல ஆதாரம் இல்லை.

ரிவ்யூ தேதி தவறிவிட்டது. என்ன செய்வது?

அறிகுறி இல்லையென்றால் பதற்றப்பட வேண்டாம். அடுத்து வசதிப்படும் நாளில் போங்கள். தவறிய விசிட்டை ஈடுகட்ட ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை.

ரிவ்யூவில் சரியாக என்ன செய்ய வேண்டும்? எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்.

அப்படியென்றால் ரிவ்யூவின் முக்கியமான பகுதி நடக்கவில்லை. நேரில் போகும் ரிவ்யூ என்றால் யோனிப் பரிசோதனை இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை பரிசோதனையைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. முதலில் உதிரப்போக்கு, வலி, மலம், சிறுநீர், மூச்சு, எடை, கால் வீக்கம் பற்றிக் கேட்பார்கள். எடையைக் குறித்துக்கொள்வார்கள். கழுத்தில், குறிப்பாக இடது காறை எலும்புக்கு மேலே, நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். அடுத்து இடுப்பு மடிப்பு, வயிறு, லேப்ராஸ்கோப்பித் தழும்புகள், இரண்டு கால்கள்.

பிறகு யோனியை விரித்துக் காட்டும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இங்கே ஒரு சிறு நுணுக்கம் உண்டு. ஸ்பெகுலத்தின் இரண்டு தகடுகளும் யோனியின் முன்சுவரையும் பின்சுவரையும் மறைத்துக்கொண்டிருக்கும். மேல்முனையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தால் அந்த இரண்டு சுவர்களும் பார்க்கப்படாமலே போகும். அதனால் ஸ்பெகுலத்தை மெல்லத் திருப்பியபடி, நிதானமாக வெளியே இழுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். சிறுநீர்த் துவாரத்துக்கு அடியில் இருக்கும் முன்சுவர்ப் பகுதியில் இந்த நோய் திரும்புவது உண்டு. வழக்கமாகத் தவறவிடப்படும் இடமும் அதுதான். அடுத்து விரலால் யோனிச் சுவர் முழுவதையும் தடவிப் பார்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத தடிப்பு விரலுக்குத் தட்டும். கடைசியாக ஒரு விரல் யோனியிலும் ஒரு விரல் ஆசனவாயிலும் வைத்து இடுப்புக்குழியின் பக்கச் சுவர்களைச் சோதிப்பார்கள்.

எல்லாம் சேர்த்துச் சில நிமிடம்தான். ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு யோனி குறுகி, காய்ந்து இருக்கும். சிறிய அளவு ஸ்பெகுலமும் தாராளமாக ஜெல்லும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். பெண் உதவியாளர் கூட இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

யோனியில் திரும்பினால் குணமாகும் என்கிறீர்கள். எவ்வளவு உறுதியாக?

நெதர்லாந்தில் 700-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்த போர்டெக்-1 ஆய்வில், யோனியில் மட்டும் நோய் திரும்பிக் குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை பெற்ற 35 பேரில் 31 பேருக்கு நோய் முழுதாக மறைந்தது. யோனியில் திரும்பியவர்களில் 73 சதவீதம் பேர் 3 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இடுப்புக்குழியில் திரும்பியவர்களில் அது 8 சதவீதம், தூர இடங்களில் திரும்பியவர்களில் 14 சதவீதம். அந்த ஆய்வு 1990-களில் நடந்தது. இன்று இம்யூனோதெரபி வந்தபின் பின்சொன்ன இரண்டு எண்களும் மாறியிருக்கும், ஆனால் இடைவெளி மறையவில்லை.

இதில் முக்கியமான நிபந்தனை: முதல் சிகிச்சையில் ரேடியேஷன் எடுக்காதவர்களுக்குத்தான் இந்த வாய்ப்பு அதிகம், ஏனென்றால் முழு அளவு ரேடியேஷன் இன்னும் கையில் இருக்கிறது. ஆபரேஷனோடு நின்றவர்கள் “எனக்குக் கரண்ட்கூட வைக்கவில்லை, லேசான கேஸ்தான்” என்று ரிவ்யூவை விட்டுவிடுவது உண்டு. யோனிப் பரிசோதனையால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் அவர்கள்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. டோட்டெம் என்ற பெயரில் இத்தாலியிலும் பிரான்சிலும் 42 மருத்துவமனைகளில், 2008 முதல் 2018 வரை 1,871 பெண்களைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்கு அடிக்கடி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும், மறு பாதிக்குக் குறைந்தபட்சக் கண்காணிப்பு. 2022-இல் முடிவு வெளியானது. 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் தீவிரக் கண்காணிப்பில் 90.6 சதவீதம், குறைந்தபட்சக் கண்காணிப்பில் 91.9 சதவீதம். அதிக ரிஸ்க் பெண்களை மட்டும் தனியே பார்த்தாலும் 85.3, 84.7. வித்தியாசம் இல்லை. வாழ்க்கைத் தரத்திலும் இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நுரையீரலிலோ வயிற்று உறையிலோ பரவிய நோயைச் சில மாதம் முன்பே கண்டுபிடித்தால், நோயோடு வாழ்வது தெரிந்த காலம் நீள்கிறது. மொத்த ஆயுள் அதனால் நீள்வதில்லை.

ஸ்கேனுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் ஊரில் எப்போதோ வந்து ஆறிய டி.பி.யின் தழும்பு நுரையீரலில் பலருக்கு உண்டு. டி.பி.யால் வீங்கிய நெறிக்கட்டி பெட் ஸ்கேனில் புற்றுநோய் போலவே ஒளிரும். அதைத் தொடர்ந்து ஊசி பயாப்ஸி, மறுபடி ஸ்கேன், பல வாரத் தூக்கமின்மை, செலவு.

எல்லோருக்கும் ஸ்கேன் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அறிகுறி இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும். அப்போது வெறும் அல்ட்ராசவுண்டோடு நிற்காமல் நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் சி.டி. எடுப்பதுதான் முறை. கணுக்களுக்குப் பரவியிருந்த அதிக ரிஸ்க் பெண்களுக்கு அறிகுறி இல்லாதபோதும் சி.டி. எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி இடம் தருகிறது. உங்கள் டாக்டர் ஸ்கேன் எழுதினால் “இதில் ஏதாவது தெரிந்தால் சிகிச்சையில் என்ன மாறும்?” என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் எடுங்கள்.

சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை?

சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவு இது. முதலில் நோய் கண்டபோது அது உயர்ந்திருந்தால், அல்லது சீரஸ் வகையாக இருந்தால், சில டாக்டர்கள் பார்ப்பார்கள். ஆரம்பத்திலேயே சாதாரணமாக இருந்தவருக்கு மாதாமாதம் பார்த்து ஆவது ஒன்றுமில்லை. ரேடியேஷனுக்குப் பிந்திய வயிற்று அழற்சி, இதயச் செயலிழப்பு, கல்லீரல் நோய், வயிற்று டி.பி. எல்லாமே இந்த எண்ணை ஏற்றும். லேப்களின் முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் இது சேர்ந்து வந்து, 35-க்குள் இருக்க வேண்டியது 41 என்று காட்டி, குடும்பமே கலங்கிப்போவது அடிக்கடி நடக்கிறது. பேக்கேஜ் எடுக்கும்போதே இதை நீக்கச் சொல்லலாம்.

பாப் ஸ்மியர்?

வேண்டாம். யோனியில் திரும்பும் நோய் பெரும்பாலும் கண்ணுக்கோ விரலுக்கோ தெரிந்துவிடும், ஸ்மியரில் மட்டும் தெரிவது மிக அரிது. ரேடியேஷன் பட்ட செல்கள் இயல்பு மாறித் தெரிவதால் பொய் எச்சரிக்கையும் வரும். சந்தேகமான இடம் இருந்தால் ஸ்மியர் போதாது, நேராக அங்கிருந்து பயாப்ஸி எடுக்க வேண்டும்.

எந்த அறிகுறிக்கு, எவ்வளவு அவசரமாக வர வேண்டும்?

யோனியில் ரத்தம், ஒரு துளியாக இருந்தாலும், பழுப்பு நிறக் கசிவாக இருந்தாலும், ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள். பேட் நனையும் அளவு போனால் அன்றே.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, 108-க்கு அழையுங்கள்.

வயிற்றுப் பொருமலும் வாந்தியுமாகி, காற்றும் மலமும் போகாமல் நின்றால் அன்றே.

புதிதாக வந்து இரண்டு வாரத்துக்கு மேல் போகாத அடிவயிற்று வலி, இடுப்பு அல்லது முதுகு வலி, விடாத இருமல், முயற்சி செய்யாமலே எடை குறைவது, பசியின்மை, வயிறு பெருத்துக்கொண்டே வருவது, கழுத்திலோ இடுப்பு மடிப்பிலோ கட்டி, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம்: இவற்றுக்கு அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் போன் செய்து முன்கூட்டியே வாருங்கள்.

“வீட்டில் எல்லோரும் வேலையாக இருக்கிறார்கள், அடுத்த மாதம்தான் தேதி இருக்கிறதே” என்று ரத்தக் கசிவை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் அம்மாக்கள் நிறையப் பேர். பிள்ளைகள் கேட்டால்தான் சொல்வார்கள். ஆகவே கேளுங்கள்.

ரத்தம் வந்தால் நோய் திரும்பிவிட்டதா?

அவசியம் இல்லை. ஆபரேஷனுக்குப் பிந்திய சில வாரம், சில மாதங்களில் தையல் இடத்தில் சிவந்த சதைத் துணுக்கு வளரும். தொட்டால் ரத்தம் கசியும், சில்வர் நைட்ரேட் வைத்தால் காய்ந்துவிடும். பார்வைக்கு அது புற்றுநோய் போலவே இருக்கலாம் என்பதால் ஒரு துணுக்கைப் பயாப்ஸிக்கு அனுப்பிவிடுவது நல்லது. மாதவிடாய் நின்றபின் யோனித் தோல் மெலிந்து உறவின்போது ரத்தம் வரலாம். ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு யோனி, மலக்குடல், சிறுநீர்ப்பை ஆகிய மூன்றிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, பல மாதம் கழித்துக்கூடக் கசியும்.

எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிறுநீர் கழித்துத் துடைத்ததும், மலம் கழித்துத் துடைத்ததும், சும்மா இருக்கும்போது பேடிலும் எப்போது கறை தெரிகிறது என்று குறித்து வையுங்கள்.

மலத்தில் ரத்தம் என்று குடல் டாக்டரிடம் போனால், இடுப்பில் ரேடியேஷன் எடுத்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரேடியேஷன் பட்ட மலக்குடலின் முன்சுவரில் தேவையில்லாமல் பயாப்ஸி எடுத்தால் அந்தப் புண் ஆறாமல் போய், மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையே துளை விழும் ஆபத்து உண்டு. மூலம் என்று நினைத்து அறுவை செய்வதற்கும் இதே எச்சரிக்கை.

ஊர் தூரம். போனிலேயே ரிவ்யூ செய்துகொள்ளலாமா?

ஆரம்ப நிலை, குறைந்த ரிஸ்க் என்றால் பெரும்பாலும் செய்யலாம். வடமேற்கு இங்கிலாந்தில் முதல் நிலை நோய் இருந்த 259 பெண்களை வைத்து நடந்த எண்ட்கேட் ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ் போனில் கேட்டறிவதும் நேரில் வரவழைப்பதும் மனநிலையிலும் திருப்தியிலும் சமமாகவே இருந்தன. டென்மார்க்கில் 156 பெண்களிடம் நடந்த ஓபல் ஆய்வில் ஒரு பிரிவினர் தேதி எதுவும் இல்லாமல், அறிகுறி வந்தால் தாங்களே அழைக்கும் முறையில் இருந்தார்கள். நேரில் வந்தவர்களுக்கு நோய் திரும்பும் பயம் சற்று அதிகமாகக் குறைந்தது, ஆனால் வித்தியாசம் சிறிது.

இந்த முறை நம் ஊரில் வேலை செய்ய மூன்று விஷயம் வேண்டும். அழைத்தால் எடுக்கும் ஒரு நம்பர். அறிகுறி சொன்னால் ஒரு வாரத்துக்குள் பார்க்கும் உறுதி. கூச்சப்படாமல் அறிகுறியைச் சொல்லும் பெண். ஒன்று இல்லையென்றாலும் நேரில் போவதே மேல். இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு: பெரிய மருத்துவமனைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, நடுவில் வரும் விசிட்டுகளை அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவில். அங்கே ஸ்பெகுலம் பரிசோதனை செய்து, கண்டதை ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.

அதிக ரிஸ்க் உள்ளவர்களும், பரிசோதனையில் ஏதோ சந்தேகம் நிலுவையில் உள்ளவர்களும் போன் முறைக்கு மாற வேண்டாம்.

ரேடியேஷனுக்குப் பிறகு டைலேட்டர் வைக்கச் சொன்னார்கள். கட்டாயமா?

ரேடியேஷன் பட்ட யோனிச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு குறுகிவிடும். அதைத் தடுக்க யோனிக்குள் வைக்கும் வழவழப்பான குழாய் வடிவக் கருவிதான் டைலேட்டர். தாம்பத்திய உறவு இருக்கிறதோ இல்லையோ, குறுகிவிட்டால் டாக்டரால் மேல்முனையைப் பார்க்க முடியாது. அதாவது ரிவ்யூவின் முக்கியப் பயனே போய்விடும். இந்தக் காரணத்தை யாரும் விளக்காததால் பல பெண்கள் டைலேட்டரை அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள்.

ரேடியேஷன் முடிந்து சில வாரத்தில், புண் ஆறியதும், டாக்டர் சரி சொன்னபின் தொடங்க வேண்டும். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிடம். தண்ணீரில் கரையும் ஜெல் தடவி, முழங்காலை மடக்கிப் படுத்து, சிறிய அளவில் ஆரம்பிக்க வேண்டும். லேசான இளஞ்சிவப்புக் கறை வருவது சாதாரணம். சிவந்த ரத்தமோ கடும் வலியோ வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வேறு என்ன பின்விளைவுகளை ரிவ்யூவில் சொல்ல வேண்டும்?

கால் வீக்கம்: நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் மாதங்கள் கழித்தும் வரலாம். ஆரம்பத்திலேயே அழுத்தக் காலுறையும் பிசியோதெரபியும் தொடங்கினால் கட்டுப்படும். அந்தக் காலில் சேற்றுப்புண், வெடிப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதம் மரத்துப்போவது: பேக்லிடேக்சல் கீமோவால் வருவது. சர்க்கரையும் இருந்தால் இரட்டிப்பாகும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள்.

இடுப்பு எலும்பில் வலி: ரேடியேஷன் எடுத்த வயதான பெண்களுக்கு இடுப்பின் பின்னெலும்பில் விழாமலே நுண்முறிவு ஏற்படுவதுண்டு. எலும்பு ஸ்கேனில் பரவல் போலத் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்துத் தெளிவுபடுத்தாமல் புற்றுநோய் என்று முடிவு கட்டக் கூடாது.

மலம் அடக்க முடியாமல் ஓடுவது, சிறுநீர் கசிவு, உறவின்போது வலி. இவற்றை “சிகிச்சை எடுத்தால் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். மருந்தும் பயிற்சியும் உண்டு.

எனக்கு 44 வயது. சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். உடம்பு திடீர் திடீரென்று சூடாகி வியர்க்கிறது. ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா?

ஆரம்ப நிலை நோய் என்றால் டாக்டரோடு பேசி எடுக்கலாம், அடியோடு விலக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1,236 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வில் நோய் திரும்பியவர்கள் 2.3 சதவீதமும் 1.9 சதவீதமும். அந்த ஆய்வு திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே நின்றுபோனதால் முழு உறுதி தர முடியாது. பரவிய நோய்க்கு இது பொருந்தாது.

புற்றுநோய் ரிவ்யூவில் ஏன் சர்க்கரை, பி.பி. பற்றிப் பேசுகிறார்கள்?

ஆரம்ப நிலையில் குணமான பெண்களின் உயிருக்கு இந்தப் புற்றுநோயை விட இதயநோய்தான் பெரிய ஆபத்து. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை அலசி 2012-இல் வந்த ஆய்வில் இவர்களின் மரணக் காரணங்களில் முதலிடம் இதயநோய்க்கே. உடல் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவை கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயோடு சேர்ந்தே வருவதால் இதில் வியப்பில்லை. 5 ஆண்டு தவறாமல் ரிவ்யூவுக்கு வந்து, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யை ஒருமுறைகூடப் பார்க்காத பெண்ணுக்குச் சரியான கவனிப்பு கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு விசிட்டிலும் எடையும் பி.பி.யும், ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரையும் கொழுப்பும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பதிவு செய்யாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

இந்த நோய் உள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு காரணம். அம்மாவின் ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர். பகுதியைப் பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் புரதங்களில் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 இவற்றில் ஒன்று இல்லை என்று இருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும். எம்.எல்.எச்.1 இல்லை என்றால் முதலில் மெத்திலேஷன் பரிசோதனை, அதாவது அந்த மரபணு கட்டிக்குள் அணைந்துபோயிருக்கிறதா என்று பார்ப்பது. அது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் பரம்பரை அல்ல. லிஞ்ச் உறுதியானால் அம்மாவுக்கும், அதே மரபணு உள்ள பிள்ளைகளுக்கும் 1 முதல் 2 ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி தேவை. பெருங்குடல் புற்றுநோயை அது வராமலே தடுக்கும். மகன்களுக்கும் இது பொருந்தும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

குழந்தை வேண்டும் என்பதால் கருப்பையை எடுக்கவில்லை, புரோஜெஸ்டிரான் சிகிச்சையில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது. உங்களுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கருப்பை உட்சுவரிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பது கட்டாயம். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

5 ஆண்டு முடிந்துவிட்டது. ஃபைலைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. வழக்கமான ரிவ்யூ நிற்கலாம், ஆனால் ரத்தக் கசிவு 8-ஆம் ஆண்டில் வந்தாலும் காட்ட வேண்டும். அப்போது புதிய டாக்டருக்குத் தேவைப்படுவது டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, முழுப் பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ மருந்துகளும் சுற்றுகளும், ரேடியேஷன் சம்மரி. இந்தக் கடைசித் தாளில் எந்த இடத்துக்கு, எத்தனை கிரே (ரேடியேஷனின் அளவு), எத்தனை நாள், வெளியிலிருந்தா உள்ளே வைத்தா என்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மறுபடி எவ்வளவு ரேடியேஷன் தரலாம் என்று யாராலும் கணக்கிட முடியாது. ஐந்தையும் போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளைச் சில லேப்கள் சில ஆண்டுகளில் அழித்துவிடும். உங்கள் லேப் எத்தனை ஆண்டு வைத்திருக்கும் என்று கேட்டு, காலம் முடியும் முன் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதை வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.